கள்ளனுக்கு ஒரு பெட்டிசம்

போன கிழமை இந்த இடத்தில் நான் இல்லை. கவனித்தீர்களா?

மூன்று பேர் கவனித்திருக்கிறார்கள். ஒருவர், சுகமில்லையோ என்று விசாரித்தார். இன்னொருவர், பத்திரிகை ஆசிரியர் என் பத்தியை நிறுத்திவிட்டாரா என்று கொஞ்சம் கூடுதலான ஆவலோடு கேட்டார். மூன்றாமவர், ஞாயிற்றுக்கிழமை நிம்மதியாகப் போனது என்றார். அவர் என் மைத்துனர்.

எழுத முடியவில்லை. வெட்கம். நான் ஒரு கள்ளனுக்குக் கடிதம் எழுதிவிட்டேன்... அதுவும் இரண்டரைப் பக்கம். நல்ல இங்கிலிஷில், பந்தி பிரித்து, கடைசியில் 'தங்கள் பணிவுள்ள' என்று கையெழுத்தும் போட்டு அனுப்பினேன். இருபத்திரண்டு வருடம் கல்முனைப் பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதச் சொல்லிக் கொடுத்தவன் நான்!

முதலிலிருந்து சொல்கிறேன்.

எங்கள் மெயின் வீதியில் நவாஸ் ஒரு கொமினிகேஷன் கடை வைத்திருக்கிறான். நவாஸ் என்னிடம் இங்கிலிஷ் படித்தவன். படித்தவன் என்பதைவிட, நான் படிப்பித்த நேரத்தில் வகுப்பில் இருந்தவன் என்று சொல்லலாம். டெலிபோன், ஃபேக்ஸ், போட்டோகொப்பி என்று ஓடிக்கொண்டிருந்த கடையில், போன வருடம் ஒரு கம்பியூட்டரையும் கொண்டுவந்து வைத்தான். அதிலிருந்து ஊருக்கு ஈமெயில் வந்தது.

ஊருக்கு என்றால் உண்மையாகவே ஊருக்குத்தான். ஒரே ஒரு விலாசம். வெளிநாட்டுக் கம்பனி ஒன்று இலவசமாகக் கொடுக்கிற பெட்டி. அதற்குள் முப்பத்தேழு குடும்பம்! டோஹாவில், ரியாத்தில், குவைத்தில் இருக்கிற நம்மவர்கள் எல்லாரும் அந்த ஒரே விலாசத்துக்கு எழுதுவார்கள். தலைப்பில், 'மருதமுனை பரீதாவுக்கு', 'சாய்ந்தமருது உம்மாவுக்கு' என்று இருக்கும். நவாஸ் காலையில் ஒருமுறை, பின்னேரம் அசர் தொழுகைக்கு முன் ஒருமுறை கொழும்புக்கு லைன் எடுத்து, வந்ததையெல்லாம் பிரிண்டரில் கறகறவென்று அடித்து, மடித்து, ஸ்டேப்ளர் போட்டு வைப்பான். அசருக்குப் பிறகு பெண்கள் வந்து வாங்கிப் போவார்கள்.

பாஸ்வேர்ட்? அதைக் கம்பியூட்டரின் நெற்றியில் ஒட்டி வைத்திருந்தான்.

"இது ரகசியமா இருக்கணும்டா" என்று ஒருநாள் சொன்னேன்.

"நான் இல்லாத நேரம் ஆருக்கும் அவசரம் எண்டா என்ன செய்யிற சேர்?" என்றான். பக்கத்து பேக்கரிக்காரருக்கும் அது மனப்பாடம்.

அந்தப் பெட்டியை அதிகம் பாவித்தவள் ரசீனா. எங்கள் வீட்டுக்குப் பின் ஒழுங்கையில் இருக்கிறாள். கணவன் ரம்ஸான் டோஹாவில் ஒரு கம்பனியில் லொறி ஓட்டுகிறான். ரசீனா வந்து கதிரையில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, நவாஸ் தமிழை இங்கிலிஷ் எழுத்தில் தட்டுவான். சலாம் ஒரு வரி, சுகம் ஒரு வரி... பிறகு ஒரு பக்கம் முழுக்க ஏச்சு. நவாஸ் வெட்கப்பட்டுக்கொண்டே டைப் அடிப்பான். "இதையும் போடவா ராத்தா?" "போடு. பெரிய எழுத்தில போடு."

ஆனால், மூன்று வாரத்துக்கு முன் அவள் ஏசவில்லை. சந்தோஷமாக இருந்தாள். அவளுக்கு எட்டாம் மாதம். மூத்தவன் பிறந்தபோது ரம்ஸான் இங்கே இல்லை. பிள்ளையின் காதில் தகப்பன் சொல்ல வேண்டிய பாங்கை, தொழுகை அழைப்பை, அவனுடைய அண்ணன் காக்காதான் சொன்னார். ரம்ஸான் பிள்ளையைப் போட்டோவில் பார்த்துக்கொண்டான். அது அவனுக்குப் பெரிய மனவருத்தம். 'இந்தப் புள்ளக்கு நான்தான் பாங்கு சொல்லுவன்' என்று எழுதியிருந்தான். டிக்கட்டுக்குக் காசும் சேர்த்துவிட்டான். பிள்ளை பிறக்கும் மாதத்துக்கு லீவு கேட்டு வைத்திருந்தான்.

இது இப்படி இருக்கும்போதுதான், ஒரு செவ்வாய்க்கிழமை, நவாஸ் கையில் ஒரு தாளோடு என் வீட்டுக்கு ஓடி வந்தான்.

"சேர், பெட்டியப் பூட்டப் போறாங்களாம்!"

வாங்கிப் பார்த்தேன். ஈமெயில் கம்பனியின் மனேஜர் எழுதியிருந்தார். 'அன்புள்ள வாடிக்கையாளருக்கு. எங்களிடம் ஆட்கள் கூடிவிட்டார்கள். பாவிக்காத பெட்டிகளை அழிக்கப் போகிறோம். உங்கள் பெட்டி பாவனையில் உள்ளது என்று உறுதிப்படுத்த, உங்கள் பெயர், பாஸ்வேர்ட், பிறந்த திகதி ஆகியவற்றை இருபத்து நான்கு மணித்தியாலத்துக்குள் அனுப்பவும். தவறினால் பெட்டியும் அதில் உள்ள கடிதங்களும் நிரந்தரமாக அழிக்கப்படும்.'

நான் முதலில் செய்த வேலை என்ன தெரியுமா? சிவப்புப் பேனையை எடுத்துப் பிழை திருத்தினேன். பதினொரு பிழை. பத்தாம் வகுப்புப் பிள்ளை எழுதியிருந்தால் முழங்காலில் நிறுத்தியிருப்பேன். ஆனால் சந்தேகம்? வரவே இல்லை. பெரிய ஒபிசில் இருந்து பிழையான இங்கிலிஷில் கடிதம் வருவது எனக்குப் புதிதா என்ன? சம்பள நிலுவைக்காக நான் வாங்கி வைத்திருக்கிற கடிதங்களைப் பார்த்தால் தெரியும்.

அடுத்து நான் செய்ததை, இந்தக் கிழக்குக் கரையில் பிறந்தவர்கள் மட்டும்தான் செய்வார்கள்.

வேறு ஊரில் ஒருவனுக்கு இந்தக் கடிதம் வந்திருந்தால்... கிழித்துப் போட்டிருப்பான். அல்லது கேட்டதை மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டு ஏமாந்திருப்பான். நமக்கு அப்படியா? நோட்டீஸ் என்று ஒன்று கையில் கிடைத்தால் உடனே பெட்டிசம், அதாவது மனு, எழுத வேண்டும்! வாய்க்கால் தண்ணீர் வரவில்லை, பெட்டிசம். பஸ் நிற்கவில்லை, பெட்டிசம். கூப்பன் மட்டையில் பெயர் விடுபட்டுவிட்டது, பெட்டிசம். அதுவும் சும்மா இல்லை. 'இதனால் பாதிக்கப்படுவோர் விபரம்' என்று ஒரு பட்டியல் பின்னால் இருக்க வேண்டும். அதிகாரி அதைப் பார்த்து மனம் இரங்க வேண்டும். கல்முனையில் அப்படிப் பட்டியல் போட்டு எழுதுவதில் என்னை விட்டால் ஆள் இல்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை... சரி, அப்போது பெருமையாகத்தான் இருந்தது.

"நவாஸ், குடும்பங்களின் கொப்பியக் கொண்டா" என்றேன்.

கொண்டுவந்தான். அவன் கடையில் ஒரு கொப்பி இருக்கிறது. யார், யாருடைய மனைவி, கணவன் எங்கே, என்ன வேலை, அவனுடைய ஈமெயில் என்ன எல்லாம் அதில் உண்டு. நான் முப்பத்தேழையும் கோடு போட்டு, அட்டவணையாக்கி, இங்கிலிஷில் எழுதினேன். இந்த ஏழை மக்களின் ஒரே தொடர்பு இந்தப் பெட்டிதான் என்று ஒரு பந்தி. அதைப் பூட்டினால் எத்தனை தாய்மாரின் கண்ணீர் என்று இன்னொரு பந்தி. அதோடு விட்டேனா? உதாரணம் ஒன்று வேண்டும் அல்லவா? 'எட்டு மாதக் கர்ப்பிணியான திருமதி ரசீனா, தலைப்பிள்ளையின் காதில் பாங்கு சொல்லும் பாக்கியம் இழந்த, டோஹாவில் லொறி ஓட்டும் தன் கணவர் ரம்ஸானின் வரவை எதிர்பார்த்து...' என்று ஒரு வசனம். ஆறு வரிக்கு நிற்காமல் ஓடுகிற வசனம். எழுதி முடித்து பௌசியாவுக்கு உரத்து வாசித்துத் தமிழிலும் சொன்னேன்.

பௌசியா என் மனைவி. மீன் கழுவிக்கொண்டிருந்தாள். முழுக்கக் கேட்டாள்.

"ஒரு சந்தேகம்" என்றாள்.

"கேள்."

"அந்தக் கம்பனிதான இந்தப் பெட்டியத் தந்தது?"

"ஓம்."

"அப்ப அவங்களுக்கிட்டத் திறப்பு இல்லயா? நம்மட தபால் ஒபிஸ்காரன் வந்து, ஒங்கட பெட்டியத் திறக்கணும், திறப்பத் தாங்க எண்டு கேப்பானா?"

"உனக்குக் கம்பியூட்டரப் பத்தி என்ன தெரியும்?" என்றேன்.

"ஒண்டும் தெரியா. மீனப் பத்தித் தெரியும். இது பழுது" என்றாள். கையில் இருந்த மீனைச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

நவாஸ் இரண்டு விரலால் இரண்டு மணித்தியாலம் டைப் அடித்தான். பாஸ்வேர்டையும், அவனுடைய பிறந்த திகதியையும் மேலே போட்டான். அனுப்பினோம். ஒரு மணித்தியாலத்தில் பதில்! 'நன்றி. உங்கள் விபரங்கள் மிகவும் பயனுள்ளவை.'

எனக்கு மேல் எல்லாம் புல்லரித்தது. 'பாத்தியா? வெளிநாட்டு ஒபிஸ் எண்டா அதுதான்!' என்று நவாஸின் முதுகில் தட்டினேன். அங்கேயே பிடிபட்டிருக்க வேண்டும். உலகத்தில் எந்த ஒபிசாவது ஒரு பெட்டிசத்துக்கு ஒரு மணித்தியாலத்தில் பதில் போட்டிருக்கிறதா? கள்ளனுக்கு மட்டும்தான் அவ்வளவு சுறுசுறுப்பு.

புதன்கிழமை நவாஸுக்குப் பெட்டி திறக்கவில்லை. பாஸ்வேர்ட் பிழையாம். வியாழனும் திறக்கவில்லை. 'பெட்டியப் புதுப்பிக்காங்க போல' என்று அவனைச் சமாதானப்படுத்தினேன். எனக்கு என்ன தெரியும்? தெரிந்தவன் மாதிரிக் கதைத்தேன்.

வெள்ளிக்கிழமை காலையில் நவாஸின் கடை டெலிபோன் அடிக்கத் தொடங்கியது. ஜும்ஆத் தொழுகைக்குப் போக நான் குளித்துக்கொண்டிருந்தேன். நவாஸ் சைக்கிளில் வந்து வேலிக்கு வெளியில் நின்று கத்தினான்.

"சேர்! ஊரில உள்ள பொண்டாட்டிமார் எல்லாரும் ஆஸ்பத்திரியிலயாம்!"

நடந்தது இதுதான். எங்கள் பெட்டியில் இருந்து, எங்கள் விலாசத்தில் இருந்து, எங்கள் ஆண்கள் எல்லாருக்கும் ஈமெயில் போயிருக்கிறது. ஒவ்வொருவருக்கும் இங்கிலிஷில், பெயர் சொல்லி, மனைவி பெயர் சொல்லி, வேலையும் சொல்லி. 'உங்கள் மனைவி ஆஸ்பத்திரியில். உடனே ஒபரேஷன். கீழே உள்ள பெயருக்குக் காசு அனுப்பவும். டெலிபோன் எடுத்து அவரைக் கலவரப்படுத்த வேண்டாம்.' அந்தப் பெயர் எந்த நாட்டுப் பெயர் என்று இதுவரைக்கும் எங்களில் ஒருவருக்கும் பிடிபடவில்லை.

அத்தனை விபரமும் கள்ளனுக்கு எங்கிருந்து போனது? உங்களுக்குத் தெரியும்... எனக்கும் தெரியும். ஈரத் தலையோடு கிணற்றுக் கட்டில் உட்கார்ந்துவிட்டேன்.  கள்ளன் கேட்டது திறப்பு. நான் திறப்பையும் கொடுத்து, வீட்டில் எந்த அறையில் என்ன இருக்கிறது என்றும் அட்டவணை போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

ஜும்ஆ முடிந்து கடைக்குப் போனேன். வாசல் முழுக்கப் பெண்கள். உள்ளே டெலிபோன் ஓயவில்லை. அல்ஹம்துலில்லாஹ், அதிகம் பேர் தப்பியிருந்தார்கள். ரியாத்தில் இருந்து ஒரு இளைஞன், "எனக்கு இன்னும் கலியாணமே முடியல்ல... ஆஸ்பத்திரியில இரிக்கிற என்ட பொஞ்சாதி ஆரு?" என்று கேட்டான். கொஞ்சம் ஆசையும் குரலில் தெரிந்தது. குவைத்தில் இருந்து ஒருவர், "கடிதத்தில சாமான் லிஸ்ட் இல்ல. கம்பளி இல்ல, பால்மா இல்ல, அத்தர் இல்ல. நம்மட வீட்டுக் கடிதம் அப்பிடி வராது. அதான் எடுத்துக் கேட்ட" என்றார். பெண்கள் அதைக் கேட்டுச் சிரித்தார்கள். ஒவ்வொருவராக எடுத்தார்கள், குரலைக் கேட்டார்கள், நிம்மதியானார்கள்.

ஒருவன் மட்டும் எடுக்கவில்லை. ரம்ஸான்.

ரசீனா கதிரையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நவாஸ் டோஹாவில் ரம்ஸான் தங்கியிருக்கிற தொழிலாளர் கேம்ப் ஒபிசுக்கு லைன் எடுத்தான். அங்கே ஒரு மலையாளி கிளார்க். நான் கதைத்தேன். அவர் சொன்னது இது: நேற்றுப் பின்னேரம், பிள்ளைக்கும் ஆபத்து என்ற ஈமெயிலைப் பார்த்ததும் ரம்ஸான் அழுதுவிட்டான். சூப்பர்வைசர் பாவம் பார்த்து உடனே அவசர லீவுக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ஆனால் ரம்ஸான், 'லீவில போய் என்ன செய்யிற? முதல்ல ஒபரேஷனுக்குக் காசு போகணும்' என்று சொல்லி, டிக்கட் காசையும் எடுத்துக்கொண்டு காலையில் டவுனுக்குப் போய்விட்டான். வெள்ளிக்கிழமை என்பதால் காசு அனுப்பும் கடை அசருக்குப் பிறகுதான் திறக்கும். அவன் அதுவரைக்கும் வெளியில் எங்கேயாவது நிற்பான்.

டெலிபோனை வைத்து, எல்லாருக்கும் சொன்னேன். காசு போனால் டிக்கட் போச்சு. டிக்கட் போனால், இந்தப் பிள்ளைக்கும் வேறு யாரோதான் பாங்கு சொல்ல வேண்டும்.

ரசீனா என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"சேர்... நான் மாசமா இரிக்கிறது அந்தக் கள்ளனுக்கு எப்பிடித் தெரியும்? மத்தவங்களுக்கெல்லாம் சும்மா ஒபரேஷன் எண்டிருக்கான். எனக்கு மட்டும் புள்ளக்கும் ஆபத்து எண்டு எழுதியிருக்கானாமே?"

நவாஸ் பிரிண்டரைத் துடைக்கத் தொடங்கினான். அவ்வளவு சுத்தமாக அந்தப் பிரிண்டர் என்றைக்கும் இருந்ததில்லை.

"நான்தான் எழுதின, மகள்" என்றேன். "மனம் இரங்கட்டும் எண்டு..."

அவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். 

"நல்லா எழுதியிருப்பீங்க சேர்" என்றாள்.

ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். என் எழுத்துக்குக் கிடைத்த பாராட்டுகளில் இவ்வளவு நொந்தது வேறொன்றும் இல்லை.

அப்போது வாசலில் நின்ற பரீதா முன்னுக்கு வந்தாள். அவளுடைய மகன் சாபிரும் டோஹாவில்தான் இருக்கிறான். "சேர், வெள்ளிக்கிழமயில ஜும்ஆ முடிஞ்சா நம்மட ஊர்ப் பொடியன்மார் எல்லாம் என்ட மகன் நிக்கிற டீக்கடையிலதான் கூடுவாங்க. ஊர்க் கத கதைக்காமப் போக மாட்டாங்க. அந்த நம்பர் என்ட பேர்சுக்குள்ள இரிக்கி" என்றாள்.

நம்பர் இருந்தது. இங்கே மணி நாலாகிவிட்டது, டோஹா நமக்கு மூன்று மணித்தியாலம் பின்னால். அங்கே இப்போதுதான் ஜும்ஆ முடிந்திருக்கும். நவாஸ் எடுத்தான். லைன் இல்லை. மறுபடி எடுத்தான். யாரோ சிங்களத்தில் கதைத்துக்கொண்டிருந்தார்கள். நான்காம் தடவை சாபிரின் குரல் வந்தது. பின்னால் கிளாஸ் சத்தம், சிரிப்பு, ஒரே இரைச்சல்.

"சாபிர், ரம்ஸான் அங்க நிக்கானா?" என்று நவாஸ் கத்தினான்.

"நிக்கான். பாவம், அவன்ட பொஞ்சாதிக்குச் சுகமில்லயாம். காசு காணாதாம், நாங்க எல்லாரும் சேத்துக் குடுத்திருக்கம்."

யா அல்லாஹ்! கள்ளனுக்கு டோஹாவில் வசூல் நடக்கிறது!

ரசீனா டெலிபோனைப் பறித்தாள். மறுமுனையில் ரம்ஸான் வந்தான். அவன் கத்திய கத்தலில் கடை முழுக்கக் கேட்டது.

"ரசீனா, உண்மையச் செல்லு. புள்ளக்கு என்ன?"

"ஒண்டுமில்ல. நான் நல்லா இரிக்கன். நவாஸ்ட கடையில நிக்கன். அந்தக் கடிதம் பொய். காச அனுப்பாதீங்க."

"எனக்கு மறைக்கிறீங்க."

"மறைக்கல்ல."

"வாப்பா மவுத்தான நேரமும் இப்பிடித்தான். ஒரு கிழம எல்லாரும் சேந்து 'வாப்பா நல்லா இரிக்கார்' எண்டுதான் செல்லின. நான் நம்பினன். இப்ப நீயும் செல்றா... நான் காச அனுப்பத்தான் போறன்."

அவன் குரல் உடைந்தது.  அவன் சொல்வது சரிதானே? வெளிநாட்டில் இருப்பவனுக்குக் கெட்ட செய்தியை நாம் என்றைக்குச் சொல்லியிருக்கிறோம்? நல்லவர்கள் எல்லாரும் சேர்ந்து அவனிடம் ஆசையாகப் பொய் சொல்லிப் பழக்கிவிட்டோம். இப்போது கள்ளன் சொன்னது உண்மையாகத் தெரிகிறது, மனைவி சொல்வது பொய்யாகத் தெரிகிறது.

ரசீனா ஒரு நிமிஷம் டெலிபோனைப் பார்த்தாள். பிறகு தொடங்கினாள்.

"இஞ்ச பாருங்க! ஆறு மாசமா அழுறன், குசினிக் கூர ஒழுகுது, ஒங்கட காக்காவுக்குச் செல்லி ஓட்ட மாத்தித் தாங்க எண்டு. செஞ்சீங்களா? அதுக்கு நேரமில்ல. ஒங்கட உம்மாக்கு மட்டும் ரெண்டு கம்பளி வந்திச்சி. எனக்கு வந்ததா? ஆரோ ஒரு ஹராங்குட்டி இங்கிலிசில ஒரு கடிதம் போட்டா மட்டும் காசத் தூக்கிட்டு ஓடுறீங்களோ? நான் எப்பவாவது ஒங்களுக்கு இங்கிலிசில எழுதியிருக்கனா? விசரா ஒங்களுக்கு? அந்தக் காசில ஒரு சதம் குறஞ்சாலும் இந்த வீட்டு வாசப்படி மிதிக்கப்படாது, செல்லிட்டன்!"

 லைன் அறுந்துவிட்டது என்றுதான் நான் நினைத்தேன்.

பிறகு ரம்ஸானின் குரல் மெதுவாக வந்தது. "ஓம்... இது நீதான்."

அவன் அழுதானா, சிரித்தானா தெரியாது. டீக்கடையில் எல்லாரும் கத்துவது கேட்டது. இங்கே பெண்கள் 'அல்ஹம்துலில்லாஹ்' என்று முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். நவாஸ் எல்லாருக்கும் பிளேன்டி சொன்னான். நான் வாசலுக்கு வெளியில் போய் வீதியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கண்ணில் தூசி விழுந்துவிட்டது என்று சொல்லத்தான் நினைத்தேன், ஒருவரும் கேட்கவில்லை.

இப்போது யோசித்துப் பார்க்கிறேன். அந்த முதல் கடிதத்தில் என்ன இருந்தது? என் பெயர் இல்லை, நவாஸின் பெயர் இல்லை, 'அன்புள்ள வாடிக்கையாளர்' மட்டும்தான் இருந்தது. ஒரு பயம் காட்டினான். ஓர் அவசரம் காட்டினான். பயமும் அவசரமும் ஒன்றாக வந்தால் இருபத்திரண்டு வருட அனுபவமும் மூட்டை கட்டிக்கொண்டு போய்விடுகிறது! இருபத்து நான்கு மணித்தியாலம் என்று அவன் சொன்னதே, நான் யாரிடமும் கேட்டுவிடக் கூடாது என்பதற்காகத்தான். கேட்டிருந்தால் பெரிய நிபுணர் யாரும் தேவையில்லை, மீன் கழுவிக்கொண்டிருந்தவளே போதும். நான் கேட்கவில்லையே, வாசித்துத்தானே காட்டினேன்.

இரண்டாவது கடிதத்திலும் பாருங்கள். 'டெலிபோன் எடுக்க வேண்டாம்' என்று எழுதியிருந்தான். எடுத்தவர்கள் எல்லாரும் தப்பினார்கள். கடிதத்தில் உள்ள நம்பருக்கு அல்ல. நமக்கு முந்தியே தெரிந்த நம்பருக்கு எடுத்தார்கள். எடுக்காதவன்தான் மாட்டப் பார்த்தான். இதற்குமேல் நான் என்ன புத்தி சொல்வது? எனக்கே சொல்லிக்கொள்கிறேன்.

பழைய பெட்டி போனது போனதுதான். உண்மையான கம்பனிக்கு நவாஸ் எழுதினான். பதில் இல்லை. அதனால் அது உண்மையான கம்பனிதான் என்று நம்புகிறோம். இப்போது புதுப் பெட்டி, புது விலாசம். முப்பத்தேழு பேருக்கும் டெலிபோனில் சொல்லியாயிற்று. பாஸ்வேர்ட் கம்பியூட்டரின் நெற்றியில் இல்லை. நவாஸ் ஒருவருக்கும் சொல்வதில்லை. முக்கியமாக எனக்கு.

ரம்ஸானின் கதை என்ன ஆனது என்றுதானே கேட்கிறீர்கள்?

சனிக்கிழமை அவன் சூப்பர்வைசரிடம் போய் நடந்ததைச் சொல்லி, அவசர லீவைத் திருப்பிக் கொடுக்கப் பார்த்திருக்கிறான். நேர்மையான பிள்ளை. அவர் விழுந்து விழுந்து சிரித்தாராம். 'கொடுத்த லீவை ரத்துச் செய்ய நான் மூன்று போர்ம் நிரப்ப வேண்டும். எனக்கு நேரமில்லை. நீ போய்ட்டு வா' என்று சொல்லிவிட்டாராம். கேட்டிருந்த திகதிக்கு இரண்டு கிழமை முந்தி, போன கிழமை ரம்ஸான் ஊருக்கு வந்து இறங்கினான்.

அவன் வந்த மூன்றாம் நாள் ரசீனாவுக்கு வலி வந்தது. மூன்று வாரம் முந்தியே!

ஆஸ்பத்திரிக்கு நானும் பௌசியாவும் போனோம். பெண் பிள்ளை. இரண்டு பேரும் சுகம். ரம்ஸான் பிள்ளையைக் கையில் வாங்கி, வலது காதில் குனிந்து பாங்கு சொன்னான்.  பாதியில் நிறுத்தி, மூச்செடுத்து, மறுபடி சொல்லி முடித்தான். பிள்ளை நல்ல நித்திரை.

நான் மூலையில் ஒதுங்கி நின்றேன். அவன் என்னைத் தேடி வந்தான். கன்னத்தில் அறையப் போகிறான் என்றுதான் நினைத்தேன். கையைப் பிடித்துக்கொண்டான்.

"சேர், நீங்க அந்தக் கடிதத்த எழுதல்ல எண்டா, நான் இப்ப டோஹாவில லொறிக்குள்ள இருந்திருப்பன்."

திரும்பி வரும் வழியில், "பௌசியா, ஒரு மரியாதைக்கு அந்தக் கள்ளனுக்கு நன்றி சொல்லி நாலு வரி..." என்று தொடங்கினேன்.

இந்தப் பத்தியை நான் பென்சிலால் எழுதி அனுப்பியிருப்பதற்கு ஆசிரியர் மன்னிக்க வேண்டும். வீட்டில் உள்ள எல்லாப் பேனையும் அவளிடம் இருக்கிறது.